வேங்கைக் கணு மூன்றே நாளில் கறுக்கிறது: இழைய வளர்ப்பில் எங்கே பிழை?

கிருலப்பனை:
கம்மாலு என்று சிங்களத்தில் சொல்லும் வேங்கை மரந்தான். சிறு துண்டைப் போத்தலில் வளர்த்துக் கன்றாக்கப் பார்க்கிறேன். முதிர்ந்த மரத்துக் கணுத்துண்டு, 20 வீதக் குளோரோக்ஸில் (வெளிற்றும் திரவம்) 20 நிமிடம், பிறகு எம்எஸ் ஊடகம் (உப்புகளும் விற்றமின்களும் கொண்ட வழக்கமான வளர்ப்பூடகம்), துளிர்விட வைக்கும் ஓமோன் பிஏபி லீற்றருக்கு 2 மி.கி. மூன்றாம் நாளே துண்டும் அதைச் சுற்றிய ஏகாரும் (ஊடகத்தை இறுக்கும் கடற்பாசிக் கூழ்) தேயிலைச் சாயம்போல் ஆகிவிடுகின்றன. தப்புகிற துண்டுகளிலும் ஒரு கிழமையில் அடியில் வெள்ளைப் பிசுபிசுப்பு. இன்னும் கடுமையான கிருமிநீக்கியான மேர்க்குரிக் குளோரைட்டுக்கு மாறலாமா?

தும்புத்தூள்:
வேண்டாம். இவை இரண்டும் வேறு வேறு வில்லங்கங்கள்.

வேங்கைப் பட்டையைக் கீறினால் சிவப்பாய் வடியுமே, அந்தப் பிசின் பெரும்பாலும் தனின்தான். வெட்டுமுகத்தில் தனின்போன்ற பீனோல் சேர்மங்கள் காற்றுப்பட்டு ஒட்சியேறிக் கறுத்து, பக்கத்துக் கலங்களையும் கொல்கிறது. கிருமிநீக்கியைக் கடுமையாக்கினால் காயம் கூடும், கறுப்பும் கூடும். குளோரோக்ஸை 10 வீதம், 10 நிமிடத்துக்கு இறக்குங்கள். இரு துளி டுவீன் (சவர்க்காரம்போன்ற திரவம்) விட்டால் நன்றாகப் படியும். கடைசி வெட்டை, லீற்றருக்கு 100 மி.கி. அஸ்கோபிக் அமிலமும் 150 மி.கி. சித்திரிக் அமிலமும் கலந்த நீருக்குள்ளேயே வெட்டி, அரை மணி ஊறவிடுங்கள். அஸ்கோபிக் அமிலம் சூட்டில் சிதையும். ஒட்டோகிளேவில் (நீராவி அழுத்தக் கிருமிநீக்கி) வைக்காமல், கிருமியைத் தடுக்கும் நுண்வடியில் வடியுங்கள். முதல் கிழமை இருட்டில் வைத்து, இரண்டு நாளுக்கொருமுறை புது ஊடகத்துக்கு மாற்றுங்கள். பீனோலை உறிஞ்ச உயிர்ப்பூட்டிய கரி போடுவதானால் முதல் ஊடகத்தில் மட்டும், லீற்றருக்கு 1 கிராம். அது பிஏபியையும் உறிஞ்சிவிடும்.

வெள்ளைப் பிசுபிசுப்பு பெரும்பாலும் இழையத்துக்குள்ளேயே இருக்கிற பற்றீரியா. அதை மேர்க்குரியும் எட்டாது. நச்சுக் கழிவுநீரை எங்கே ஊற்றுவது என்ற தலையிடிதான் மிஞ்சும்.

வித்திலை:
முதிர்ந்த மரத்தை விடுங்கள். சிறகுக்காயை உடைத்து விதையை எடுத்து, கிருமிநீக்கி, போத்தலுக்குள்ளேயே முளைக்கவையுங்கள். மூன்று கிழமை நாற்றின் வித்திலைக் கணு (விதையிலை ஒட்டும் இடம்) கறுப்பது குறைவு, துளிர்ப்பது கூட. அதற்கு பிஏபி 1 மி.கி.யில் தொடங்குங்கள். கூட்டினால் துளிர் கண்ணாடிபோல் நீர் கோத்து நிற்கும், வேர் விடாது. வேருக்கு அரைப்பங்கு எம்எஸ், வேர்விட வைக்கும் ஓமோன் ஐபிஏ. வேங்கை இங்கேதான் பொறுமையைச் சோதிக்கும்.

குறிப்பிட்ட தாய்மரமே வேண்டுமென்றால், அதன் ஒட்டுக்கன்றைச் சட்டியில் மழைபடாமல் வைத்து, இலையில் நீர் தெளிக்காமல் வளர்த்து, புதுத்தளிரில் கணு எடுங்கள்.

தும்புத்தூள்:
வேர்விட்ட கன்றைப் போத்தலிலிருந்து வெளியே எடுக்கும்போது ஏகாரை முழுக்கக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் சீனியில் பங்கசு பிடிக்கும். தும்புத்தூளும் மணலும் சமபங்கு, மேலே பொலித்தீன் பை; இரண்டு மூன்று கிழமையில் பையின் துளைகளைக் கூட்டுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே கொழும்பு வெயிலுக்குக் கொண்டுபோனால் அன்றே வாடிவிடும்.

வித்திலை:
இன்னொன்று: ஒரே மரத்திலிருந்து முந்நூறு போத்தல் எடுத்தாலும் மரபளவில் பாதுகாக்கப்பட்டது அந்த ஒரு மரந்தான். பல இடத்து மரங்களை எடுங்கள். காட்டு மரமென்றால் முதலில் அனுமதி. போத்தலில் தாய்மர இலக்கத்தைப் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள், மார்க்கர் மை அற்ககோல் பட்டால் அழிந்துவிடும்.