கடைக் கொம்பியூட்டருக்குள் எட்டிப் பார்க்கும் தளங்கள்: சரியா, பிழையா?

கடைக்காரன்
களுவாஞ்சிகுடியில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம், இதுதான் தொழில். போன கிழமை ஒரு டீச்சர் மகனுக்குக் கல்குலேட்டர் எடுக்க வந்தா. வெளிநாட்டுத் தளம். கார்ட் இலக்கம் எல்லாம் சரி, ஆனால் மூன்று முறையும் பாதுகாப்புக் காரணம் என்று சொல்லித் திருப்பிவிட்டது. அவவின் போனில் போட்டதும் ஒரே தரத்தில் போய்விட்டது.

மறுகா கடையைப் பூட்டிவிட்டு எஃப்12 தட்டி, பக்கம் பின்னால் என்ன செய்கிறது என்று காட்டும் பகுதியோடு அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறந்தேன். வரிசையாக 127.0.0.1. பின்னால் 3389, 5900, 5938, 7070 என்று போர்ட் இலக்கங்கள், அதாவது கொம்பியூட்டரில் ஓடும் மென்பொருள்கள் வெளியோடு பேசும் வாசல் இலக்கங்கள். அந்த முகவரி என்னுடைய கொம்பியூட்டரேதான். 7070 எனிடெஸ்க், தூரத்திலிருந்து கொம்பியூட்டரை இயக்கும் மென்பொருள். பிரின்டர் குழப்படி செய்தால் மட்டக்களப்பிலிருந்து ஒரு தம்பி அதால்தான் உள்ளே வந்து பார்ப்பான், அதனால் எந்த நேரமும் ஓடிக்கொண்டே கிடக்கும். கல்குலேட்டர் விற்கிறவனுக்கு என் மெசினில் என்ன ஓடுகிறது என்பது எதற்கு?

பாடும்மீன்
தம்பி, கோபப்பட முதல் மற்றப் பக்கத்தையும் கேளுங்கள். நான் ஒரு வங்கியின் கார்ட் பிரிவில் பல வருடம் இருந்தவன். ஓய்வூதியக்காரர் ஒருவருக்கு அழைப்பு வரும், "உங்கட பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, இந்த எப்பைப் போடுங்கோ" என்று. அவரும் போடுவார். பிறகு காசு போவது அவருடைய கொம்பியூட்டரிலிருந்து, அவருடைய இணைப்பில், அவருடைய பாஸ்வேர்டில். இந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்கு எல்லாம் வழமைபோலத்தான் தெரியும். வேறாக இருப்பது அந்தத் தொலை இயக்க மென்பொருள் ஒன்றுதான். அதைப் பார்க்காமல் எப்படிப் பிடிப்பது?

2020 மே மாதம் ஈபே என்ற விற்பனைத் தளம் இதே வேலையைச் செய்வது வெளியே வந்து பெரிய சத்தம். 14 போர்ட்களைத் தட்டியது. திறந்த போர்ட்டும் மூடிய போர்ட்டும் பதில் தர எடுக்கும் நேரம் வேறு, அதை வைத்துக் கணிப்பது. திரையில் என்ன இருக்கிறது என்று அதால் பார்க்க முடியாது, கோப்பைத் திறக்கவும் முடியாது. வாசலில் எத்தனை சோடிச் செருப்பு கிடக்கிறது என்று பார்த்தால் வீட்டுக்குள் புகுந்ததாகிவிடுமா?

கல்முனைக் காக்கா
நானும் ஒன்லைனில் சாரன், சாரி விற்கிறவன். திருட்டுக் கார்டில் ஓடர் வந்து, சாமானும் போய், காசும் போய் இரண்டு தரம் கையைச் சுட்டுக்கொண்டேன். எங்களுக்காக யாராவது செருப்பை எண்ணினால் நல்லதுதான். ஒரு கேள்வி: எனிடெஸ்க்கால்தான் நிறுத்தியது என்று உங்களுக்கு எப்படி நிச்சயம்? கடை மெசினில் ஒரு நாளைக்கு எத்தனை பேரின் கார்ட் போடுகிறீர்கள்? அதுவே சந்தேகம்தானே.

கடைக்காரன்
அது நியாயமான கேள்வி காக்கா. நிச்சயம் இல்லை. காரணம் சொல்லாமல் திருப்பிவிட்டால் நான் எதை என்று நினைப்பது? அதுவும் என் முறைப்பாட்டில் பாதி.

தோணாக்கரை
பாடும்மீன் அண்ணா, செருப்பு உதாரணம் பொருந்தாது. வெளியிலிருந்து வந்து தட்டினால் வீட்டு ரவுட்டரே தடுத்துவிடும். இங்கே தட்டுவது நம்முடைய பிரவுசர். வீட்டுப் பிள்ளைக்கு டொபி கொடுத்து, "உள்ளே யார் யார் இருக்கினம், எட்டிப் பார்த்து வந்து சொல்லு" என்று அனுப்புகிற மாதிரி. பிள்ளைக்கு விளங்காது, பெற்றவர்களுக்குத் தெரியாது.

மோசடியைப் பிடிக்க என்றே வைத்துக்கொள்வோம். அதே வழியை வேறு யார் பாவித்தது? 2025 ஜூனில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சொன்னது இது. அண்ட்ரொய்ட் போனில் பேஸ்புக், இன்ஸ்டகிராம் எப்கள் பின்னால் இருந்து உள் போர்ட்களில் காது கொடுத்துக்கொண்டிருந்தன. மெட்டாவின் பிக்செல் என்ற கண்காணிப்பு நிரல் பதித்த தளத்துக்குப் போனால், பிரவுசரில் இருக்கும் குக்கி என்ற சிறு குறிப்பின் அடையாளம் 127.0.0.1 வழியாக எப்புக்குப் போகும். எப்பில் உங்கள் பெயரோடு கணக்கு. பிரவுசரின் இன்கொக்னிட்டோ என்ற தடம் வைக்காத முறையில் போனாலும் தப்ப முடியாது. ரஷ்ய நிறுவனமான யாண்டெக்ஸ் இதையே 2017இலிருந்து செய்திருக்கிறது. விசயம் வெளியே வந்த உடனே மெட்டா நிறுத்தியது. அதற்கு எந்த மோசடிக்காரனைப் பிடிக்கிற தேவை இருந்தது?

பாடும்மீன்
அதை நான் நியாயப்படுத்தவில்லை தங்கச்சி. அது விளம்பரக்காரன் வேலை. கத்தி ஒன்றுதான், கைகள் வேறு.

தோணாக்கரை
கை யாருடையது என்று பக்கத்தைத் திறக்கிறவருக்குத் தெரியாதே அண்ணா. ஈபேயில் ஓடியதும் ஈபே எழுதிய ஸ்கிரிப்ட் இல்லை, மோசடி தடுக்கும் வேறொரு நிறுவனத்துடையது. நீங்கள் நம்பிப் போனது ஒருவரிடம், பார்த்தது இன்னொருவர். மோசடிதான் பயம் என்றால் காசு கட்டும் பக்கத்தில் மட்டும், "தொலை இயக்கம் ஓடுகிறதா என்று பார்க்கப் போகிறோம்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பார்க்கட்டும்.

பாடும்மீன்
எழுதினால் கள்ளனும் வாசிப்பான். போர்ட் இலக்கத்தை மாற்றிவிட்டு வருவான்.

தோணாக்கரை
எழுதாமலே 2020இல் 14 இலக்கமும் வெளியே வந்துவிட்டதே. கெட்டிக்காரக் கள்ளன் அன்றைக்கே மாற்றியிருப்பான். மாட்டுப்படுவது பிரின்டர் திருத்த எனிடெஸ்க் வைத்திருக்கிற கடைக்காரர்கள்தான்.

கல்முனைக் காக்கா
இதற்கு இங்கே சட்டம் ஒன்றும் இல்லையா?

பாடும்மீன்
2007இன் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதைப் பற்றியது. தட்டிப் பார்ப்பது நுழைவதா என்று வக்கீல்மார் அடிபடலாம். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது, அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் தொடங்க இருந்து தள்ளிப்போயின. இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம்தான்.

தோணாக்கரை
அதுவரை செய்யக்கூடியது: பயர்பொக்ஸில் யூபிளொக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் போட்டால், வெளித் தளங்கள் உள் நெட்வேர்க்கில் கைவைப்பதைத் தடுக்கும் பட்டியல் ஒன்று இருக்கிறது. செட்டிங்ஸில் போய் நாங்களே டிக் போட வேண்டும். குரோம் 142ஆம் பதிப்பிலிருந்து, தளம் உள் நெட்வேர்க்கைத் தேடினால் அனுமதி கேட்கும். எல்லா வழியையும் அது அடைக்காது, என்றாலும் முன்னர் கேட்கவே இல்லை. கடைக்கார அண்ணா, எனிடெஸ்க்கை வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். அது வேறு ஆபத்து.

கடைக்காரன்
மூடிவிட்டேன் தங்கச்சி. தம்பிக்குத்தான் கோபம். குரோம் செட்டிங்ஸையும் திறந்து பார்த்தேன். நாலு தளத்துக்கு ஏற்கனவே அனுமதி கொடுத்துக் கிடக்கிறது. விண்ணப்பம் போட வருகிற பிள்ளைகள் எது வந்தாலும் "அலவ்" அமத்துகிறவர்கள், வரட்டும், நல்லாகக் கேட்கிறேன் என்றுதான் இருந்தேன். நாலாவது அதே கல்குலேட்டர் தளம். டீச்சர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்திய நேரம் நான்தான் அமத்தியிருக்கிறேன் போல.

கல்முனைக் காக்கா
அது கிடக்கட்டும், கல்குலேட்டர் வந்து சேர்ந்ததா?

கடைக்காரன்
இன்னும் இல்லை காக்கா. டீச்சர் காலையிலும் வந்து கேட்டுவிட்டுப் போறா.