சிபியு கூலர் காத்து மேல போகணுமா, பின்னாடி போகணுமா?

வெயில்நகரம்:
வணக்கம் நண்பர்களே. புதுசா பிசி வாங்கினேன், சிபியு ஐ5 12400எஃப், கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060, சிபியு கூலர் டீப்கூல் ஏகே400. கேஸ்ல முன்னாடி ரெண்டு ஃபேன் காத்தை உள்ள இழுக்குது, பின்னாடி ஒண்ணு வெளிய தள்ளுது, மேல வெறும் வலை தான். கடையில கூலர் ஃபேனை கிராஃபிக்ஸ் கார்டு பக்கம் இருக்கிற மாதிரி மாட்டிக் கொடுத்திருக்காங்க, அதாவது காத்து கீழ இருந்து மேல போகுது. கேட்டா சூடு மேல தானே போகும்னு சொல்றாங்க. பிரவுசிங்ல ஒண்ணும் தெரியல, கேம் ஆடினா சிபியு சூடு 80 டிகிரியைத் தாண்டுது, ரூம்ல ஏசி வேற கிடையாது. திருப்பி மாட்டணுமா, இப்படியே விடலாமா?

காத்தாடி:
திருப்பிடுங்க ப்ரோ. சூடு மேல போகும்ங்கிறது ஃபேன் இல்லாத இடத்துல. 120 எம்எம் ஃபேன் ஒண்ணு சுத்துதுன்னா அது தள்ளுற பக்கம் தான் காத்து போகும், மேலயா கீழயான்னு பாக்காது. உங்க கார்டு 170 வாட் வரைக்கும் இழுக்கும், அது அத்தனையும் சூடா கேஸுக்குள்ள தான் கொட்டுது, கூலர் ஃபேன் அதோட முதுகுக்கு நேர் மேல உக்காந்துகிட்டு அந்த சூட்டையே உறிஞ்சுது. கேம்ல மட்டும் ஏறுதுன்னு சொன்னீங்கல்ல, அதுக்கு இதான் காரணம், பிரவுசிங்ல கார்டு சும்மா தானே இருக்கு. ஃபேன் ரேம் பக்கம் வரணும், முன்னாடி வர்ற காத்து நேரா ஹீட்சிங்க்ல, அதாவது கூலரோட உலோகத் தகடுங்களுக்குள்ள, புகுந்து பின் ஃபேன் வழியா போயிடணும்.
ஆனா 80ன்னு பயப்படாதீங்க, அந்த சிபியுவுக்கு லிமிட் 100.

பழையபோர்டு:
மேல்நோக்கி ஊதுறது எல்லா கேஸ்லயும் தப்புன்னு இல்ல. சில்வர்ஸ்டோன் எஃப்டி02 மாதிரி கேஸ்ல மதர்போர்டையே 90 டிகிரி திருப்பி, அடியில மூணு 180 எம்எம் ஃபேன் வச்சிருப்பாங்க, அங்க கார்டும் செங்குத்தா நிக்கிறதால காத்தை மறிக்காது. உங்களோடது சாதாரண கேஸ், காத்தாடி சொன்னது தான் சரி.

வெயில்நகரம்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். ஃபேன் எந்தப் பக்கம் ஊதுதுன்னு எப்படி தெரிஞ்சுக்கிறது? திருப்ப வேற பார்ட் எதாவது வாங்கணுமா?

காத்தாடி:
ஒண்ணும் வாங்க வேணாம். உங்க சிபியு உக்கார்ற எல்ஜிஏ1700 சாக்கெட்ல கூலர் மாட்டுற நாலு ஓட்டையும் 78 எம்எம் சதுரம், அதனால சாக்கெட்டோட ரெண்டு பக்கமும் இருக்கிற பட்டையைக் கழட்டி 90 டிகிரி மாத்திப் போட்டா கூலரும் திரும்பிடும். ஏஎம்டி சிபியு போடுற ஏஎம்4 போர்டா இருந்தா ஓட்டை நீள்சதுரம், அதுல சில கூலர் ஒரே பக்கம் தான் உக்காரும். ஃபேன்ல நடு மோட்டாரைப் பிடிச்சுகிட்டு குறுக்குக் கம்பி இருக்கிற பக்கம் தான் காத்து வெளிய வரும். சந்தேகமா இருந்தா ஒரு ஊதுவத்தி கொளுத்தி ஓரமா காட்டுங்க, புகை எங்க போகுதுன்னு தெரிஞ்சிடும், சாம்பல் மட்டும் உள்ள விழாம பாத்துக்கோங்க.
கழட்டினா சிபியு மேல இருக்கிற பழைய தெர்மல் பேஸ்டை சுத்தமா துடைச்சுட்டு புதுசு போடணும், அதை விட்டுடாதீங்க. ரேம் உயரமா இருந்தா ஃபேனை கொஞ்சம் மேல ஏத்தி கிளிப் போடலாம், ஆனா சைடு கண்ணாடி இடிக்குதான்னு முதல்ல அளந்துடுங்க, கூலரே 155 எம்எம் உயரம்.

பழையபோர்டு:
அப்புறமா கேஸ் மேல் வலையில ஃபேன் வைக்கிற ஐடியா இருந்தா அதோட பின்பக்க ஓட்டையில மட்டும் வைங்க தம்பி. முன்பக்கம் வச்சா புதுக் காத்து கூலர் கிட்ட வர்றதுக்கு முன்னாடியே அது வெளிய இழுத்துடும்.