புதுப்பிப்பு: டர்பனிலிருந்து கேப் டவுனுக்கு, இருவர், ஒரே மோட்டார் சைக்கிள்

தென்னாப்பிரிக்காவில் குளிர்காலமான ஜூலையில் என் கணவரும் நானும் என்2 நெடுஞ்சாலை வழியாகக் கேப் டவுனுக்குச் செல்லவிருப்பதாக முன்பு எழுதியபோது, அங்கே மழை குளிர்காலத்தில்தான் பெய்யும், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்று பலர் எச்சரித்தீர்கள். நலமாக வந்து சேர்ந்துவிட்டோம்; ஆனாலும் நீங்கள் சொன்னதே சரி.

வழியில் கோக்ஸ்டாட் என்ற ஊரில் கடுங்குளிர், அதன்பின் சாலையை மறித்து நின்ற மாடுகள், அவ்வளவுதான். ட்சிட்சிகாமா காட்டுப் பகுதியில்தான் புயல்மழை பிடித்துக்கொண்டது. மழையைவிட வடமேற்கிலிருந்து வீசிய பக்கக்காற்றே எங்களை அச்சுறுத்தியது. பள்ளத்தாக்கின் மேல் 216 மீட்டர் உயரத்தில் நிற்கும் புளூக்ரான்ஸ் பாலத்தில், எதிரே வந்த லாரியின் மறைவில் ஒரு கணம் அடங்கிய காற்று, லாரி விலகியதும் அறைந்தாற்போல் மோதி வண்டியை இடப்புறம் தள்ளியது. கணவர் வேகத்தைக் குறைத்து, காற்று வரும் பக்கம் வண்டியைச் சற்றே சாய்க்க, நானும் அவர் முதுகோடு ஒட்டிக் குனிந்துகொண்ட பிறகே தடுமாற்றம் தணிந்தது.

நீர் புகாது என்று கடைக்காரர் சத்தியம் செய்த கையுறைகள் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. நைஸ்னா என்ற ஊரில் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறைகளை வாங்கி அவற்றின் மேல் மாட்டிக்கொண்டோம். பார்க்கச் சகிக்காது, விரல்கள் மட்டும் நனையவில்லை. திரும்பும்போது மழை குறைந்த கரூ என்னும் வறண்ட உள்நாட்டுப் பகுதி வழியாக வர எண்ணுகிறோம். அங்கே இரவில் உறைபனி என்பதால், காலை வெயில் ஏறிய பிறகே புறப்படுவோம்.