கிளைம்பிங் ஸ்டிக்கில் பிளவு, ஆடும் படி, விறைத்த ஸ்ட்ராப்: எதைச் சரிசெய்யலாம்?

மிச்சிகன்_ஓக்:

அக்டோபர் 1-இல் தொடங்கும் வில் வேட்டை சீசனுக்குள், மரத்தில் கட்டி ஏறும் நான்கு கிளைம்பிங் ஸ்டிக்கையும் தயார் செய்ய வேண்டும். 32 அங்குல நீளம், ஒரு அங்குலச் சதுர அலுமினியக் குழாய் (6061-T6), சுவர் கனம் 1/8 அங்குலம். மூன்று படிகளும் கீழ் பிராக்கெட்டும் (மரத்தில் பதியும் பல் வைத்த பிடி) 5/16 அங்குல போல்ட்டில் நிற்கின்றன. மேல் பிராக்கெட் மட்டும் வெல்டிங். தனியார் நிலத்தில் குளிர்காலம் முழுக்க மரத்திலேயே கட்டிக் கிடந்தவை.

முதல் ஸ்டிக்கின் அடியில் நீளவாக்கில் இரண்டு அங்குலப் பிளவு, அந்த இடம் கொஞ்சம் உப்பியும் இருக்கிறது. இரண்டாவதில் மேல் பிராக்கெட்டின் வெல்டிங் ஓரமாக முடி மாதிரி ஒரு கோடு; விரிசலா, பெயின்ட் உரிந்ததா தெரியவில்லை. மூன்றாவதில் நடுப்படியின் துளை முட்டை வடிவமாகிவிட்டது, படி ஆடுகிறது. நான்காவதில் உலோகம் நன்றாக இருக்கிறது. ஸ்ட்ராப் எல்லாமே வெளுத்து விறைத்துவிட்டன.

வெல்டிங் வைத்தால் போதுமா? மரத்தோடு கட்டும் ஸ்ட்ராப்புக்குப் பதிலாக ஆம்ஸ்டீல் என்ற வலுவான செயற்கை இழைக் கயிறு போடலாமா? சுமக்க வசதியாக 20 அங்குலமாக வெட்டினால் என்ன? இந்த வருடம் அரசு நிலத்தில் மரமேறி உட்காரப் போகிறேன். அங்கே மரத்தைத் துளைக்கும் திருகுப் படிக்கு அனுமதி இல்லை, அதனால் இவைதான் கதி.

பட்டறை_வாசல்:

இரண்டு விரிசலும் வேறு வேறு காரணத்தால் வந்தவை. நீளவாக்கில் பிளந்து உப்பியிருந்தால் அது பனிக்கட்டியின் வேலை. மேலே போல்ட் துளை வழியாக மழைநீர் இறங்கியிருக்கும், அடியில் மூடி இருப்பதால் வெளியேற வழியில்லை, உறைந்ததும் குழாயைப் பிளந்துவிடும். வெல்டிங் ஓரத்தில் குறுக்காக வரும் கோடு அப்படியல்ல. ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் வளைந்து வளைந்து உலோகம் களைத்துப்போவதால் வருவது. ஆபத்தானது இதுதான்.

கோடு விரிசல்தானா என்று பார்க்க, ஊடுருவும் சிவப்புச் சாயப் பெட்டி வெல்டிங் கடையில் கிடைக்கும். பெயின்ட்டை ரசாயனம் போட்டு எடுங்கள். மணல்தாள் தேய்த்தால் மென்மையான அலுமினியம் இழுபட்டு விரிசலின் வாயையே மூடிவிடும். அசிட்டோனில் துடைத்து, சாயத்தை அடித்து, பத்து நிமிடம் விடுங்கள். பிறகு மேலே இருப்பதைத் துணியால் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியை அடியுங்கள். சிவப்புக் கோடு கசிந்து மேலே வந்தால் அந்த ஸ்டிக்கை இரண்டாக அறுத்துவிட்டுப் பழைய உலோகத்துக்குப் போடுங்கள். முழுசாகப் போட்டால் வேறு யாராவது எடுத்துப்போய் ஏறுவார்கள்.

ஓஹாயோ_வரப்பு:

அண்ணா, டிக் (TIG) வெல்டிங் மெஷினில் ஒரு நல்ல பாஸ் கொடுத்தால் நிற்காதா? அலுமினியம் வெல்ட் பண்ணத் தெரிந்த ஆள் இருக்கிறார்.

பட்டறை_வாசல்:

வெல்டிங் நிற்கும் தம்பி. அதற்குப் பக்கத்தில் இருக்கும் உலோகம்தான் நிற்காது. 6061 என்பது கலவையின் பெயர், T6 என்பது அதற்கு ஏற்றிய பதம். வெல்டிங் சூடு பட்ட இடத்தைச் சுற்றி ஏறக்குறைய ஒரு அங்குலத்துக்கு அந்தப் பதம் போய்விடும்; வளையாமல் தாங்கும் வலு பாதிக்கும் கீழே இறங்கலாம். மறுபடி பதம் ஏற்ற 530 டிகிரி செல்சியஸ் வாக்கில் காய்ச்சி, தண்ணீரில் அமுக்கி, பிறகு 160–175 டிகிரியில் பல மணி நேரம் வைக்க வேண்டும். வீட்டில் நடக்காத காரியம். தயாரிப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துத்தான் குழாயின் கனத்தையும் வெல்டிங் இடத்தையும் தீர்மானிக்கிறார்கள். அதன் மேல் இன்னொரு வெல்டிங் வைத்தால் அந்தக் கணக்கு செல்லாது. எபாக்சி பசை பற்றிக் கேட்கவே வேண்டாம், அது ஓட்டை அடைக்கத்தான்.

போல்ட்_நட்:

மூன்றாவது ஸ்டிக்கைக் காப்பாற்றலாம். துளை நீண்டதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: நட் தளர்ந்து படி ஒவ்வொரு மிதிக்கும் சுத்தியல் மாதிரி அடித்தது, அல்லது போல்ட்டின் மரை குழாய்ச் சுவரிலேயே உட்கார்ந்து அரம் போல அலுமினியத்தைத் தின்றது. மரையில்லாத தண்டு இரண்டு சுவரையும் கடக்கும் நீளத்துக்கு போல்ட் வாங்குங்கள்.

முட்டைத் துளை 3/8 அங்குலத்துக்குள் அடங்கினால் 3/8-க்குப் பெரிதாக்கலாம். அதற்கு மேல் வேண்டாம், ஒரு அங்குலக் குழாயில் பக்கத்துக்கு 5/16 அங்குலம்தான் மிஞ்சும். உள்ளே 3/4 அங்குலச் சதுர 6061 கட்டையில் நான்கு அங்குலம் வெட்டி, மூலைகளை ராவி, இறுக்கமாகத் தட்டி இறக்குங்கள். துளை அந்தக் கட்டையின் நடுவில் வரட்டும், இரண்டு சுவரையும் கட்டையையும் சேர்த்தே டிரில் செய்யுங்கள். கட்டை இல்லாமல் நட்டை முறுக்கினால் குழாய் உள்ளே அமுங்கும், ஒரே வாரத்தில் மறுபடி ஆடும். புது நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் தளராதது) போடுங்கள், மரை இரண்டு மூன்று சுற்று வெளியே தெரிய வேண்டும். ஸ்டெயின்லெஸ் போல்ட் என்றால் அரிப்புத் தடுப்புப் பசை பூசுங்கள், இல்லையென்றால் ஈரத்தில் அலுமினியம் வெள்ளையாகப் பொடிந்துவிடும்.

வெட்டுவது பற்றி: முதல் ஸ்டிக்கை வெட்டுங்கள். பிளவு அடியில் இருக்கிறது, 20 அங்குலமாக்கும்போது கெட்ட 12 அங்குலம் அப்படியே போய்விடும். ஆனால் வெட்டிய பின் மீதியில் பிளவின் நுனி ஓடியிருக்கிறதா என்று அந்தச் சாயத்தை வைத்து ஒருமுறை பாருங்கள். கீழ் பிராக்கெட்டை மேலே நகர்த்தும்போது, புதுத் துளையின் மையம் வெட்டிய முனையிலிருந்து ஒரு அங்குலமாவது உள்ளே இருக்கட்டும். பிசிறை ராவிவிட்டு மூடி போடுங்கள். மூடியின் அடியில் 1/8 அங்குல வடிகால் துளை கட்டாயம்.

நான்கையும் வெட்டும் முன் உயரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்டிக்கின் கீழும் இடைவெளி 18 அங்குலம் என்றால் 32 அங்குல ஸ்டிக் நான்கில் 200 அங்குலம், அதாவது 16 அடிக்கு மேல் போகலாம். 20 அங்குலத்தில் 152, பன்னிரண்டே முக்கால் அடிகூட இல்லை. நாடாவில் கால்வளையம் தொங்கவிட்டு ஈடுகட்டலாம்தான். ஆனால் அதில் மிதித்தால் ஸ்டிக் பக்கவாட்டில் நழுவும் ஆபத்து கூடும்.

மிச்சிகன்_ஓக்:

நன்றி. சாயம் போட்டுப் பார்த்தேன், இரண்டாவது போயிற்று. மூன்றாவதின் துளை 3/8-க்குள் அடங்குகிறது. கயிறு பற்றி யாராவது சொல்லுங்கள்.

பின்னல்_புரி:

வெளுத்து விறைத்த ஸ்ட்ராப் வெயிலில் வெந்தது. அதைத் தைத்துப் பயன் இல்லை, நான்கையும் மாற்றுங்கள். ஸ்ட்ராப்பே வேண்டும் என்றால் பாலியஸ்டர். நைலான் நனைந்தால் நீளும், பாலிப்ரொப்பிலீன் வெயிலுக்குச் சீக்கிரம் உதிரும்.

ஆம்ஸ்டீல் என்றால் 1/4 அங்குலம். புதிதாக 8,000 பவுண்டுக்கு மேல் தாங்கும், ஆனால் முடிச்சுப் போட்டால் அந்த வலுவில் பாதி கூட மிஞ்சாது. மேலும் வழுக்கும் இழை என்பதால் முடிச்சே அவிழ்ந்து ஓடும். ஆகவே முனைக் கண்ணை (வளையத்தை), கயிற்றையே கயிற்றுக்குள் நுழைக்கும் பூட்டுப் பின்னலாகப் போட்டு, வாலைக் கயிற்றின் உள்ளே விட்டத்தைப் போல் 72 மடங்கு புதைக்க வேண்டும், அதாவது 18 அங்குலம். வால் முனையில் புரிகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக் கூராக்குங்கள். மொட்டையாக விட்டால் அந்த இடத்தில் கயிறு சட்டென்று மடிந்து பலவீனமாகும். தீ வைத்து முனையைக் கருக்காதீர்கள், 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும் பொருள் இது. 20 அங்குல விட்ட மரத்தின் சுற்றளவு 63 அங்குலம். புதைக்கும் வால், ஸ்டிக்கில் கயிறு மாட்டும் பொத்தானில் சுற்றும் நீளம் எல்லாம் சேர்த்து ஸ்டிக்குக்கு ஒன்பது அடி வெட்டுங்கள்.

அந்தப் பொத்தானின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். விரலைக் கீறினால் கயிற்றையும் கீறும், ராவி வழவழப்பாக்குங்கள். கட்டியதும் ஸ்டிக்கைக் கீழ்நோக்கி ஓங்கி இழுத்து, பிராக்கெட்டின் பல் மரப்பட்டையில் பதிந்த பிறகே மிதியுங்கள்.

மரத்தையும் பாருங்கள். மிச்சிகனில் 2002-இல் கண்டுபிடிக்கப்பட்ட மரகதத் துளைப்பான் வண்டு ஆஷ் மரங்களைக் கொன்று நிறுத்தியிருக்கிறது. பட்டை உரிந்து நிற்கும் ஆஷில் எந்த ஸ்டிக்கும் வேண்டாம்.

ஓஹாயோ_வரப்பு:

உலோகச் சத்தத்துக்குத் துணி டேப் அல்லது பாராகார்ட் (மெல்லிய நைலான் கயிறு) சுற்றலாமா?

போல்ட்_நட்:

சுற்றலாம், படிகளின் நுனியிலும் குழாயின் முகத்திலும். வெல்டிங் ஓரத்தையும் போல்ட் தலையையும் மூடாதீர்கள், அடுத்த விரிசல் அங்கேதான் வரும். படியின் மிதிக்கும் பரப்பில் ரப்பர் பூச்சும் வேண்டாம், உறைபனியில் வழுக்கும். எல்லாம் முடிந்ததும் முழங்கால் உயரத்தில் கட்டி, முழு உடை, பையோடு ஒவ்வொரு படியிலும் குதித்துப் பாருங்கள்; மொத்தம் ஸ்டிக்கில் அச்சிட்டிருக்கும் எடை வரம்புக்குள் இருக்கட்டும். மறுநாள் நட்டுகளை மறுபடி சாவி வைத்துப் பாருங்கள். காட்டில் தரையிலிருந்தே ஹார்னஸைப் பாதுகாப்புக் கயிற்றில் மாட்டி, ப்ரூசிக் முடிச்சை (பாரம் விழுந்தால் கயிற்றை இறுக்கிப் பிடிப்பது) தலைக்கு மேலேயே நகர்த்திக்கொண்டு ஏறுங்கள்.