இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்: ‘எதிர்ப்பு’ வேண்டாம், ‘மந்தம்’ சரிவருமா?

வணக்கம்.

நாம் தொகுக்கும் முதுமையியல் சொற்பட்டியலில் இன்சுலின் ரெசிஸ்டன்ஸுக்கு (இன்சுலின் இருந்தும் செல்கள் அதற்குச் சரியாக இணங்காத நிலை) நேரே இன்னும் எதுவும் எழுதவில்லை. சொல் இல்லாமல் இல்லை; இன்சுலின் எதிர்ப்பு, இன்சுலின் எதிர்ப்புத்திறன், இன்சுலின் தடுப்பாற்றல், இன்சுலின் தடை என்று நான்கு புழங்குகின்றன. நான்கையும் தள்ளிவிடலாம் என்பது என் கட்சி.

‘எதிர்ப்புத்திறன்’ என்றதும் நம்மவர்க்கு நினைவு வருவது நோய் எதிர்ப்புத்திறன். அது கூடினால் நல்லது. அதைக் கூட்டத்தான் கபசுரக் குடிநீர் குடித்தோம். “உங்களுக்கு இன்சுலின் எதிர்ப்புத்திறன் அதிகம்” என்று எழுதித் தந்தால் வாங்கிப் படிப்பவர் மகிழ்ந்துதான் போவார். ‘தடுப்பாற்றல்’ பள்ளிப் பாடத்திலேயே இம்யூனிட்டிக்குப் போய்விட்டது. ‘இன்சுலின் தடை’ என்றால் கணையத்திலிருந்து இன்சுலின் வருவது தடைபடுகிறது என்று படிக்க இடமிருக்கிறது. நடப்பது நேர்மாறு: இன்சுலின் தாராளமாக வருகிறது, செல்தான் அசைந்து கொடுப்பதில்லை.

இன்னொரு சிக்கல், எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி). இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்கள் உடலில் இன்சுலினுக்கு எதிர்ப்பொருள் உருவாகிறது என்பதை 1950களில் பெர்சனும் யாலோவும் காட்டினார்கள். அதைத் தமிழில் எழுதினால் ‘இன்சுலின் எதிர்ப்பொருள்’. பக்கத்துப் பத்தியில் ‘இன்சுலின் எதிர்ப்பு’ வந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று எவரும் நினைப்பார்கள்.

நான் முன்வைக்கும் சொல் இன்சுலின் உணர்மந்தம். வயிற்று மந்தம், காது மந்தம் என்று உடம்பைப் பற்றிப் பேச நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் சொல் ‘மந்தம்’. காது மந்தமானவரிடம் உரக்கப் பேசவேண்டும்; செல் மந்தமானால் கணையம் கூடுதல் இன்சுலின் சுரக்கவேண்டும். சென்சிட்டிவிட்டிக்கு ‘உணர்திறன்’ நிலைத்துவிட்டதால் ஜோடியும் பொருந்துகிறது. லண்டனில் ஹிம்ஸ்வொர்த் 1936இல் நீரிழிவை இரண்டாகப் பிரித்தபோது, இன்சுலினை உணரும் வகை, உணராத வகை என்றுதான் பிரித்தார். ரெசிஸ்டன்ஸ் என்ற சொல் அவர் பிரிவினையில் இல்லை.

– செ.

* * *

> நான்கையும் தள்ளிவிடலாம்

என் ஓட்டும் அதற்கே. மருத்துவத்தில் ரெசிஸ்டன்ஸ் என்ற சொல்லுக்கே பொருள் இடம் மாறியிருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாட்டு, பன்றி இன்சுலின் காலத்தில் நாளுக்கு 200 யூனிட்டுக்கு மேல் தேவைப்பட்டால்தான் இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் என்பார்கள். பலருக்குக் காரணம் நீங்கள் சொன்ன எதிர்ப்பொருளே. ஊசியே போடாத, தொப்பை விழுந்த ஆளுக்கு அந்தப் பெயரைச் சொல்லுவது பின்னால் வந்த வழக்கம். 1988இல் அமெரிக்க மருத்துவர் ரீவன் தம் பான்டிங் உரையில் (அமெரிக்க நீரிழிவுக் கழகத்தின் விருதுரை) இரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு எல்லாவற்றையும் இதன்கீழ் கட்டியபிறகு எல்லா வெளிநோயாளர் பிரிவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆனால் ‘உணர்மந்தம்’ நோயாளியிடம் எடுபடுமா? நரம்பு பாதித்துக் கால் மரத்துப்போனவர் அதே அறையில்தான் உட்கார்ந்திருப்பார். “உணர்மந்தம்” என்றால் பாதத்தைத்தான் காட்டுவார். வாய்ப்பேச்சில் “இன்சுலினுக்கு உடம்பு மசியல” என்றால் போதும், உடனே விளங்குகிறது. மருந்துக்கு மசியாத நோய் என்று சொல்லிப் பழகியவர்கள்தானே.

ஆய்வக அறிக்கையில் போடும் சொல்லையும் இப்போதே முடிவு செய்துவிடவேண்டும். இல்லாவிட்டால் அவரவர் ஒன்று போடுவார்கள். ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு என்று இரத்தப் பரிசோதனையிலிருந்து கணக்கிடும் ஹோமா மதிப்பெண் 1985இல் ஆக்ஸ்ஃபோர்டில் வந்தது. வெறும்வயிற்றுச் சர்க்கரையை வெறும்வயிற்று இன்சுலினால் (மைக்ரோயூனிட்டில்) பெருக்கி, சர்க்கரை மில்லிமோலில் இருந்தால் 22.5ஆலும், மில்லிகிராமில் இருந்தால் 405ஆலும் வகுக்கவேண்டும். சர்க்கரை 108, இன்சுலின் 15 என்றால் 108 × 15 ÷ 405 = 4. இன்சுலினைப் பிக்கோமோலில் தரும் ஆய்வகமானால் முதலில் ஏறக்குறைய 6ஆல் வகுத்துக்கொள்ளவேண்டும். மறந்தால் 4 என்பது 24 ஆகிவிடும்.

தவறு நேரும் இடங்களும் தெரிந்தவையே. குழாயில் சிவப்பணு உடைந்தால் உள்ளிருக்கும் நொதி வெளிவந்து இன்சுலினைச் சிதைக்கும். மதிப்பெண் பொய்யாக இறங்கும். ஃபுளோரைடு இல்லாத குழாயில் எடுத்து மேசையில் போட்டுவைத்தால் செல்களே மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு சர்க்கரையைத் தின்றுவிடும், அதுவும் இறக்கும். முடி வளர பயோட்டின் மாத்திரை விழுங்குபவர்களுக்குச் சில இன்சுலின் பரிசோதனைகள் குறைத்துக் காட்டும். 2 நாளாவது நிறுத்திவிட்டு எடுக்கவேண்டும். ஊசி இன்சுலினில் இருப்பவருக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. கவனியுங்கள், பிழைகளில் பெரும்பாலானவை ஆளை ‘நல்லவர்’ ஆக்கிக் காட்டுகின்றன. அதன்மேல் ‘எதிர்ப்புத்திறன்’ என்ற நல்ல பெயரும் சேர்ந்தால் விளங்கினாற்போலத்தான்.

– ம.

* * *

டாக்டர் ம. பாதத்தைக் காட்டியது நியாயம். எனக்கு ‘உணர்’ மீது வேறு வழக்கு இருக்கிறது.

செல்லுக்குக் கொடுக்கும் இன்சுலின் அளவைக் கிடை அச்சிலும், செல் உள்ளிழுக்கும் குளுக்கோசைச் செங்குத்து அச்சிலும் வரையுங்கள். S போல ஒரு கோடு வரும். அது கெடுவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, கோடு அப்படியே வலப்பக்கம் நகரும்: கூடுதல் இன்சுலின் கொடுத்தால் பழைய உச்சத்தைத் தொட்டுவிடலாம். மற்றது, உச்சமே இறங்கிவிடும்: எவ்வளவு கொட்டினாலும் பழைய அளவு வராது. ரொனால்ட் கான் 1978இல் முதலாவதைச் சென்சிட்டிவிட்டி குறைவு என்றும் இரண்டாவதை ரெஸ்பான்சிவ்னெஸ் குறைவு என்றும் பிரித்து, இரண்டையும் சேர்த்து ரெசிஸ்டன்ஸ் என்றார். ஏற்பிகளில் (செல்லின்மேல் இன்சுலின் வந்து ஒட்டும் இடங்கள்) ஒரு சிறு பங்கு நிரம்பினாலே கொழுப்புச் செல் முழு வேகம் எடுத்துவிடும். அதனால் ஏற்பி எண்ணிக்கை மட்டும் குறைந்தால் கோடு நகரும், உச்சம் இறங்காது. உச்சம் இறங்கினால் கோளாறு ஏற்பிக்கு அப்பால், செல்லுக்கு உள்ளே இருக்கிறது.

‘உணர்மந்தம்’ முதல் வகைக்கு மட்டுமே பொருந்தும். முழுமைக்கும் அதை வைத்தால் பாதியின் பெயரை முழுசுக்குச் சூட்டியதாகும். ‘இன்சுலின் மந்தம்’ என்று சுருக்கலாமா என்றால், காது மந்தத்தில் மந்தமானது காதுதானே? அந்தக் கணக்கில் மந்தமானது இன்சுலின் என்று ஆகிவிடும்; மெல்ல வேலை செய்யும் ஊசி என்று நினைப்பார்கள்.

நம்மிடம் ‘துலங்கல்’ இருக்கிறது. தூண்டல், துலங்கல் என்று பள்ளியிலேயே படித்ததுதான். இன்சுலின் துலங்கல் மந்தம் என்றால் இரண்டு வகையும் அடங்கும். உள்பிரிவாக ‘உணர்திறன் குறைவு’, ‘உச்சத் துலங்கல் குறைவு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் இன்னொரு வசதி, எந்தத் துலங்கல் என்று கேட்கமுடிகிறது. கல்லீரலுக்கு இன்சுலின் இரண்டு கட்டளை இடுகிறது: சர்க்கரை ஆக்குவதை நிறுத்து, கொழுப்பு ஆக்கு. வகை 2 நீரிழிவில் முதல் கட்டளை காதில் ஏறுவதில்லை, இரண்டாவது மட்டும் நன்றாக ஏறுகிறது. சர்க்கரையும் கூடி டிரைகிளிசரைடும் கூடுவது அதனால்தான். பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 2008இல் சுட்டிக்காட்டிய முரண் இது. ‘எதிர்ப்பு’ என்று வைத்தால் கல்லீரல் எதிர்க்கிறதா, அடிபணிகிறதா என்று எழுதுபவரே குழம்புவார். “குளுக்கோஸ் துலங்கல் மந்தம், கொழுப்புத் துலங்கல் இயல்பு” என்றால் ஒரு வரியில் முடிகிறது.

அளவிடும் முறையோடும் இது ஒத்துப்போகிறது. கிளாம்ப் சோதனையை (நான் ‘பிடிநிலைச் சோதனை’ என்கிறேன், ஆட்சேபம் இருந்தால் தனியாகப் பேசலாம்) உருவாக்கிய ரூபன் ஆண்ட்ரெஸ் பால்டிமோரில் முதுமை ஆய்வகத்தில் இருந்தவர். டிஃப்ரோன்சோ, டோபினுடன் 1979இல் அதைப் பற்றி எழுதினார். ஒரு கையில் இன்சுலின், உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 40 மில்லியூனிட். கூடவே 20 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்), வேகத்தைக் கூட்டியும் குறைத்தும். மறு கையில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்து, சர்க்கரையை 90 அருகே பிடித்துவைக்கவேண்டும். 2 மணி நேரம். கடைசி 30 நிமிடத்தில் எவ்வளவு குளுக்கோஸ் ஏற்றவேண்டியிருந்ததோ அதுதான் உடம்பின் துலங்கல். 70 கிலோ ஆளுக்கு எம் மதிப்பு (எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு ஏற்றிய மில்லிகிராம்) 7 என்றால் நிமிடத்துக்கு 490 மில்லிகிராம், பம்பில் மணிக்கு 147 மில்லிலிட்டர். அதே எடையில் மந்தமானவருக்கு 3 என்றால் மணிக்கு 63 மில்லிலிட்டர்தான்.

சொதப்புவதற்கு வழி நிறைய. இரத்தம் எடுக்கும் கையை வெப்பப் பெட்டியில் வைக்காவிட்டால் சிரையில் சர்க்கரை குறைவாகத் தெரியும்; டெக்ஸ்ட்ரோஸை ஏற்றிக்கொண்டே போவீர்கள், எம் பொய்யாக உயரும். இன்சுலின் பிளாஸ்டிக் குழாயில் ஒட்டிக்கொள்ளும்; கரைசலில் அவருடைய இரத்தம் 2 மில்லி சேர்க்காமல் விட்டால் உடம்புக்குப் போவது குறைந்து, இல்லாத மந்தம் இருப்பதாகத் தெரியும். பொட்டாசியம் இறங்குவதையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

– வ.

* * *

‘துலங்கல்’ இலங்கைப் பாடநூல்களிலும் அதேதான். ஆகையால் இரு கரைக்கும் பொதுச்சொல் கிடைத்ததென்று சந்தோசம்.

சேர்த்து எழுதப் போனால் கவனம் தேவை. கல் + மலை கன்மலை ஆவது போல, துலங்கல் + மந்தம் ‘துலங்கன்மந்தம்’ ஆகும். இலக்கணப்படி சரி, ஆனால் அகரமுதலியில் தேடுபவர் ‘துலங்கல்’ பக்கத்தில் அதைக் காணமாட்டார். பிரித்தே எழுதுங்கோ.

‘மந்தம்’ வடசொல் என்று யாராவது எழும்பமுன் நானே சொல்லிவிடுகிறேன்: ‘மழுக்கம்’ உண்டு. ஆனால் ஹோர்மோன் தூண்டல் சோதனைகளில் வளைவு தட்டையாக வருவதை ‘மழுங்கிய துலங்கல்’ என்று எழுதுகிறோம். அதை அதற்கே விட்டுவிடுவம். மந்தம் எங்கட அம்மம்மாக்களின் வாயில் இருந்த சொல். அதைவிடத் தமிழாக என்ன வேண்டும்?

– சி.

* * *

‘உணர்மந்தத்தை’ நான் திரும்பப் பெறுகிறேன். துலங்கல் மந்தமே இருக்கட்டும்.

இனி, பட்டியல் முதுமையியலுக்கு என்பதால் ஒரு பிரிவினையை இப்போதே எழுதிவைக்கவேண்டும். இன்சுலின் வழியைப் பிறவியிலேயே தளர்த்தினால் உயிரி நெடுநாள் வாழ்கிறது என்பது இத்துறையின் பெரிய கண்டுபிடிப்பு. 1993இல் கென்யன் குழு, டாஃப்-2 மரபணு மாறிய புழு இரட்டிப்புக் காலம் வாழ்வதைக் காட்டியது. அது இன்சுலின் ஏற்பியின் உறவுக்கார மரபணு என்பது 1997இல் தெளிவானது. 2003இல் கொழுப்புத் திசுவில் மட்டும் இன்சுலின் ஏற்பியை நீக்கிய எலிகள் 18 விழுக்காடு கூடுதலாக வாழ்ந்தன. இதை அவசரமாகத் தமிழாக்கினால் “இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் ஆயுளைக் கூட்டும்” என்று எழுதிவிடுவோம். நீரிழிவுக்காரர் படித்தால் என்ன நினைப்பார்?

அந்த எலிகள் மெலிந்தவை. வயதானபிறகும் சர்க்கரை ஏறாதவை. ஏம்ஸ் குள்ள எலிகளும் நெடுநாள் வாழ்பவையே. அவற்றின் இரத்தத்தில் இன்சுலின் குறைவு, உணர்திறன் மிகுதி. அங்கே செய்தி அனுப்புவதே குறைவு. நோயில் செய்தி கத்தலாக வருகிறது, பதில்தான் இல்லை. முன்னதற்கு ‘இன்சுலின் குறிகைக் குறைவு’ (குறிகை என்பது சிக்னல்) என்று தனியாகப் பதிகிறேன். இரண்டும் ஒரே விலங்கில் கலந்தும் வரும்: ராப்பமைசின் என்ற மருந்து எலியின் ஆயுளைக் கூட்டுகிறது, கல்லீரலில் துலங்கல் மந்தத்தையும் உண்டாக்குகிறது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தை எழுதவே முடியாது.

– செ.

* * *

குறிகைக் குறைவு சரி. முதியோர் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கைக் குறிப்பு வேண்டும்.

பிடிநிலைச் சோதனையில் ஏற்றும் குளுக்கோசில் பெரும்பங்கு தசைக்குத்தான் போகிறது. அதை உடல் எடையால் வகுத்து எம் மதிப்பாகச் சொல்வது வழக்கம். ஒரு கணக்குக்கு: இளைஞர் 70 கிலோ, கொழுப்பு நீங்கலாக 56 கிலோ, நிமிடத்துக்கு 350 மில்லிகிராம்; முதியவரும் 70 கிலோ, கொழுப்பு நீங்கலாக 45 கிலோ, 280 மில்லிகிராம். எடையால் வகுத்தால் 5, 4. முதியவர் 20 விழுக்காடு மந்தம். கொழுப்பற்ற எடையால் வகுத்தால் 6.25, 6.22. மந்தம் போன இடம் தெரியவில்லை. தசை குறைந்ததைத் துலங்கல் மந்தம் என்று எழுதியிருப்போம். ஆகவே எதனால் வகுத்தது என்று சொல்லாமல் “முதுமையில் துலங்கல் மந்தம்” என்று எழுதக்கூடாது.

– வ.

* * *

வெளிநோயாளர் சீட்டுக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்.

பழையது: “இன்சுலின் எதிர்ப்புத்திறன் உள்ளது. ஹோமா 4.”

புதியது: “இன்சுலின் துலங்கல் மந்தம் (உடம்பு இன்சுலினுக்கு மசியவில்லை). ஹோமா 4, 10 மணி நேரம் வெறும்வயிறு, பயோட்டின் இல்லை, ஊசி இன்சுலின் இல்லை.”

இரண்டாவது நீளம்தான். சீட்டில் இடம் இருக்கிறது. அறிக்கைப் பத்தித் தலைப்புக்கு ‘இ.து.மந்தம்’ என்று சுருக்கலாமா? ‘இ.து.ம.’ என்றால் ஏதோ கட்சிப் பெயர் போல இருக்கிறது.

– ம.