விண்டோஸ் 10-க்கு மாற்றிய பின் பழைய கிராஃபிக்ஸ் கார்டு வேலை செய்யவில்லை: கார்டை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி

வணக்கம். 2010-இல் வாங்கிய என் மேசைக் கணினியில் இதுவரை விண்டோஸ் 7 இயங்கிவந்தது. நான் பயன்படுத்தும் உலாவிக்கு அதில் இனிப் புதுப்பிப்பு வராது என்றாகிவிட்டதால், கோப்புகளை எல்லாம் வெளி வன்தட்டில் படியெடுத்து வைத்துக்கொண்டு, சென்ற வாரம் 64 பிட் விண்டோஸ் 10-ஐ அதன் மேலேயே நிறுவினேன். நிறுவல் எந்தத் தடையுமின்றி முடிந்தது. ஒலி, இணையம், அச்சுப்பொறி அனைத்தும் முன்போலவே வேலை செய்கின்றன. திரை மட்டும் கெட்டுவிட்டது.

என் மானிட்டரின் இயல்பான அளவு 1600 × 900. இப்போது அமைப்புகளில் 1024 × 768, 1280 × 1024 ஆகிய அளவுகள்தான் காட்டப்படுகின்றன. எதைத் தேர்ந்தாலும் எழுத்துகள் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரிகின்றன. நான் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துபவன். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி கலங்கிப்போய், ‘ன்’ எது ‘ன’ எது என்று ஒவ்வொரு சொல்லையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பக்கத்தை நகர்த்தினால் திரை பட்டை பட்டையாக மேலேறுகிறது. காணொளியைத் திறந்தால் ஒலி முன்னே செல்ல, படம் பின்தங்குகிறது.

டிவைஸ் மேனேஜரில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருக்கிறதே தவிர, கார்டின் பெயர் இல்லை. கார்டின் மேல் ஒட்டியிருந்த பெயர்த்தாளும் என்றோ உதிர்ந்துவிட்டது. அதனுடன் வந்த குறுந்தட்டிலிருந்து டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் நிரலை, நிறுவிப் பார்த்தேன். மறுதொடக்கத்தின்போது விண்டோஸ் சின்னம் தோன்றி மறைந்ததும் திரை முழுதும் கருத்துவிட்டது. பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) நுழைந்து அதை நீக்கிய பிறகே மீண்டேன். கணினியில் கோர் 2 டுயோ செயலியும் 4 ஜிபி ரேமும் உள்ளன. கார்டு விண்டோஸ் 10-க்கு ஒவ்வாதது, புதிதாக வாங்குங்கள் என்று ஒருவர் சொன்னார். விண்டோஸ் 7-இல் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய கார்டு ஒரே நாளில் எப்படி ஒவ்வாததாகும் என்பது எனக்குப் புரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

வணக்கம் ஐயா. அவசரப்பட்டு எதையும் வாங்கிவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் கார்டு பழுதாகவில்லை. அதனுடன் பேசத் தெரிந்த டிரைவர் இப்போது கணினியில் இல்லை, அவ்வளவுதான்.

தனக்குத் தெரியாத கார்டைச் சந்திக்கும்போது விண்டோஸ் அந்தப் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டரைக் கொண்டு சமாளிக்கிறது. அது கார்டின் உள்ளே பொதிந்திருக்கும் பயாஸ் என்ற அடிப்படை நிரலில் எழுதப்பட்ட பொதுவான திரை அளவுகளை மட்டுமே கேட்டுப் பெறும். அந்தப் பட்டியல் பெரும்பாலும் 4:3 வடிவத் திரைகளின் காலத்தில் உருவானது. 1600 × 900 அதில் இல்லாததால்தான் உங்களுக்கு அந்தத் தேர்வே வரவில்லை. மேலும், விண்டோஸ் 8 முதல் சாளரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும் வேலையை நிறுத்திவைக்க வழியில்லை. கார்டு அந்த வேலையை ஏற்காதபோது முழுச் சுமையும் செயலியின் தலையில் விழுகிறது. காணொளியை விரித்துத் தரும் பணியும் அதனிடமே வருவதால், கோர் 2 டுயோ திணறுவதில் வியப்பில்லை.

நேற்றுவரை ஓடிய கார்டு இன்று ஏன் ஓடவில்லை என்று கேட்டீர்கள். விஸ்டாவில் தொடங்கி, கிராஃபிக்ஸ் டிரைவர்களுக்கென ஒரு கட்டமைப்பு இருக்கிறது. அதை டபிள்யூடிடிஎம் என்பார்கள். 2009-இல் வந்த விண்டோஸ் 7 அதன் 1.1 பதிப்பையும், 2015-இல் வந்த விண்டோஸ் 10 அதன் 2.0 பதிப்பையும் கொண்டுவந்தன. விண்டோஸ் 10 பழைய 1.x வகை டிரைவர்களையும் ஏற்கும் என்பதால், கட்டமைப்பு மட்டும் உங்கள் கார்டைத் தள்ளிவைத்துவிடாது. ஆனால் 2010-இல் தயாரான குறுந்தட்டில் உள்ள டிரைவர், ஐந்து ஆண்டு கழித்து வரப்போகும் ஓர் இயங்குதளத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்க வழியே இல்லை. ஆகவே குறுந்தட்டை மறந்துவிடுங்கள். அந்தக் கார்டுக்குக் கடைசியாக வெளிவந்த டிரைவர் எது, அது விண்டோஸ் 10-ஐத் தொட்டதா என்பதுதான் கேள்வி.

அதற்கு முதலில் கார்டு எது என்று தெரிய வேண்டும். பெயர்த்தாள் தேவையில்லை. டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரின் பண்புகளைத் திறந்து, ‘டீடெய்ல்ஸ்’ பகுதியில் ‘ஹார்டுவேர் ஐடிஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வரும் நீண்ட வரியில் ‘விஇஎன்’ என்ற எழுத்துகளை அடுத்துள்ள நான்கு இலக்கங்கள் சில்லைத் தயாரித்த நிறுவனத்தையும், ‘டிஇவி’ என்பதை அடுத்துள்ள நான்கும் சில்லின் வகையையும் குறிக்கும்.

8086 என்றிருந்தால் அது இன்டெல்; அதாவது கிராஃபிக்ஸ் மதர்போர்டிலேயே இருக்கிறது. ஜி41 போன்ற அக்காலச் சிப்செட்களுக்கு இன்டெல் விண்டோஸ் 10 டிரைவர் வெளியிடவில்லை. 1002 என்றிருந்தால் ஏஎம்டி. அதில் ரேடியான் ஹெச்டி 2000, 3000, 4000 வரிசைகள் 2012-இலேயே பழைய வகையாகப் பிரிக்கப்பட்டுவிட்டதால், விண்டோஸ் அப்டேட் தரும் பழைய டிரைவரைத்தான் நம்பியிருக்க வேண்டும். 10டிஇ என்றிருந்தால் என்விடியா. ஜிஃபோர்ஸ் 8, 9, 100, 200, 300 வரிசைகளுக்கு விண்டோஸ் 10-க்கான டிரைவர் உண்டு. அவற்றுக்குக் கடைசியாக வந்தது 2016 டிசம்பரில் வெளியான 342.01. அடுத்து வந்த 400, 500 வரிசைகளுக்கு 2018 மார்ச்சில் வெளியான 391.35.

இன்னொன்று. டிரைவர் நம்பத்தக்க இடத்திலிருந்து வந்ததா என்று விண்டோஸ் பார்க்கும் கையொப்பச் சோதனையை அணைத்துவிட்டு ஏதோ ஒரு தளத்தில் கிடைக்கும் திருத்திய டிரைவரை நிறுவச் சொல்லும் குறிப்புகள் உங்கள் கண்ணில் படும். அந்த வழியில் போகாதீர்கள். இயங்குதளத்தின் கருவிலேயே (கெர்னல்) இடம் பிடிக்கும் ஒரு நிரலை யார் திருத்தினார் என்று தெரியாமல் உள்ளே விடுவது தகாது.

மறுமொழி 2

முதல் மறுமொழியை நானும் வழிமொழிகிறேன். ஒருவேளை டிரைவரே இல்லாத கார்டாக இருந்து, வேறு வாங்க நேர்ந்தால், அதற்கு முன் நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. ஏனெனில் நான் அதே நிலையில் ஒரு புதிய கார்டை வாங்கி வந்து பொருத்தியபோது, விசிறி சுழன்றதே தவிரத் திரையில் ஒரு புள்ளிகூட வரவில்லை.

பிசிஐ எக்ஸ்பிரஸ் பொருத்துவாய் பழையதாக இருந்தாலும் புதிய கார்டு அதில் உட்காரும். சிக்கல் அதில் இல்லை. உங்கள் மதர்போர்டின் வயதைப் பார்த்தால் அதில் கணினியைத் தொடக்கிவைக்கும் புதிய வகை நிரலான யுஇஎஃப்ஐ இல்லாமல் பழைய பயாஸ் மட்டுமே இருக்கக்கூடும். சில புதிய கார்டுகள் யுஇஎஃப்ஐ இருந்தால்தான் திரையை எழுப்பும். எனக்கு நேர்ந்தது அதுதான் என்பதைக் கார்டை மற்றொரு கணினியில் பொருத்திப் பார்த்த பிறகே உணர்ந்தேன். மேலும், பொருத்துவாய் தரக்கூடிய மின்சாரம் அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்குப் பவர் சப்ளையிலிருந்து தனி இணைப்பு வேண்டும். பல ஆண்டு உழைத்த பவர் சப்ளையை நம்பி அந்தச் சுமையை ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 30 வாட்டில் இயங்கும் ஜிடி 1030 போன்ற சிறிய கார்டு மெய்ப்புப் பணிக்குத் தாராளமாகப் போதும். ஆர்எக்ஸ் 6400 போன்றவை பொருத்துவாயின் தரவுத் தடங்களில் நான்கை மட்டுமே பயன்படுத்துவதால், பழைய பொருத்துவாயில் அவற்றின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்ன இடத்தில் பார்த்தேன். ‘விஇஎன்’ என்பதை அடுத்து 10டிஇ என்றும், ‘டிஇவி’ என்பதை அடுத்து 0ஏ65 என்றும் உள்ளன. 342.01 டிரைவரை இறக்கி வைத்துவிட்டேன். ஆனால் முன்பு திரை கருத்த அனுபவம் இருப்பதால் நிறுவத் தயங்குகிறேன். முன்னதாகச் செய்ய வேண்டியது ஏதேனும் உண்டா?

மறுமொழி 1

அது ஜிஃபோர்ஸ் 210. நீங்கள் இறக்கியிருப்பது அதற்கு உரிய டிரைவர்தான். கோப்பின் பெயரில் விண்டோஸ் 10, 64 பிட் என்று இருக்கிறதா என ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். விண்டோஸ் 7-க்கும் 8.1-க்கும் உரிய தொகுப்பு வேறு.

உங்கள் தயக்கம் நியாயமானது. விண்டோஸ் 7-இல் இருந்த டிரைவரின் மிச்சங்களும் குறுந்தட்டிலிருந்து வந்தவையும் இன்னும் உள்ளே கிடக்கக்கூடும். கருந்திரைக்கு அவையே காரணமாக இருந்திருக்கலாம் என்று கருதுகிறேன். முதலில் ஒரு மீட்டெடுப்புப் புள்ளியை உருவாக்குங்கள். பின்பு இணையக் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். இல்லையெனில் நீங்கள் துப்புரவு செய்துகொண்டிருக்கும்போதே விண்டோஸ் அப்டேட் தானாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிடும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் பாதுகாப்பு முறைக்குச் செல்லும் வழி கிடைக்கும். அங்கே ‘டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்’ என்ற இலவச நிரலைக் கொண்டு பழைய டிரைவரை முழுவதுமாக நீக்குங்கள். வழக்கமான முறையில் மீண்டும் துவங்கி 342.01-ஐ நிறுவுங்கள், நிறுவும்போது ‘கஸ்டம்’ என்பதைத் தேர்ந்து, கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் வைத்துக்கொண்டு, முப்பரிமாணக் காட்சி போன்ற துணை உறுப்புகளின் குறிகளை எடுத்துவிடுங்கள்.

நிறுவி முடித்ததும் ‘ஷட் டவுன்’ கொடுத்துத் திரும்ப இயக்குவது போதாது. ‘ரீஸ்டார்ட்’ கொடுக்க வேண்டும். விண்டோஸ் 10-இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும்போது, அணைத்தாலும் இயங்குதளத்தின் கருவும் அதனுடன் ஏறிய டிரைவர்களும் வன்தட்டில் அப்படியே சேமிக்கப்பட்டு மறுபடி எழுப்பப்படுகின்றன. மாற்றம் செய்தும் பலன் தெரியவில்லை என்று பலர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

மறுமொழி 3

டிரைவர் சரியானாலும் ஒன்றை மறக்க வேண்டாம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குத் தாவலாம் என்றால், அது டபிள்யூடிடிஎம் 2.0 டிரைவரைக் கேட்கிறது. உங்கள் கார்டுக்கு அப்படியொன்று இல்லை. கார்டை மாற்றினாலும் செயலி தடுத்துவிடும்: விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு கேட்கும் சில கட்டளைகள் கோர் 2 டுயோவில் கிடையாது என்பதால், அந்தப் பதிப்பு துவங்கவே துவங்காது. ஆகவே லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஒரு யுஎஸ்பி குச்சியிலிருந்து, வன்தட்டைத் தொடாமல், ஓட்டிப் பாருங்கள். ஜிஃபோர்ஸ் 210-க்கு லினக்ஸ் கருவிலேயே உள்ள நூவோ டிரைவர் திரையின் முழு அளவையும் தரும். எழுத்துப் பணிக்கு அது போதும். என்விடியாவின் சொந்த லினக்ஸ் டிரைவரைத் தேட வேண்டாம். இந்த வரிசைக்கு அது 2019 டிசம்பரில் வந்த 340.108-உடன் நின்றுவிட்டதால், புதிய கருப் பதிப்புகளுடன் சேராது.

கேள்வி கேட்டவர்

சொன்ன வரிசையிலேயே செய்து முடித்தேன். துப்புரவு நிரல் இரண்டு வேறு பதிப்புகளின் மிச்சங்களைக் கண்டு நீக்கியது. 342.01 நிறுவப்பட்டுக்கொண்டிருக்கும்போது திரை இருமுறை கருத்து மீண்டது. கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். மறுதொடக்கத்துக்குப் பின் 1600 × 900 தானாகவே அமைந்துவிட்டது. டிவைஸ் மேனேஜரும் இப்போது ஜிஃபோர்ஸ் 210 என்று பெயரைச் சொல்கிறது. இன்று காலை நாற்பது பக்கங்களுக்கு மெய்ப்புப் பார்த்தேன். இரண்டு பக்கங்களை அருகருகே வைத்தும் புள்ளிகள் தெளிவாகத் தெரிகின்றன. காணொளியில் படமும் ஒலியும் ஒன்றாகச் செல்கின்றன. ஆதரவு முடிந்த செய்தி எனக்குத் தெரியாமல் இருந்தது. கையிலுள்ள புத்தகம் முடிந்ததும் லினக்ஸை யுஎஸ்பியிலிருந்து ஓட்டிப் பார்த்து, தமிழ் விசைப்பலகை அதில் எப்படி அமைகிறது என்பதை இங்கேயே எழுதுகிறேன்.