ஃபோர்த் மொழியின் ‘ரிட்டர்ன் ஸ்டாக்’: கரையடுக்கா, மீளடுக்கா?

தொண்டியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். ஃபோர்த் என்ற நிரல்மொழிக்கான நம் தமிழ்க் கையேட்டின் மூன்றாம் பாடம் ஒரு கலைச்சொல்லுக்காகக் காத்து நிற்கிறது. ஸ்டாக் (கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் நினைவகப் பகுதி) என்றால் அடுக்கு, அதில் மாற்றம் வேண்டாம். ‘குவியல்’ ஏற்கெனவே ஹீப் என்ற வேறொரு நினைவகப் பகுதிக்கு வழங்குகிறது. எண்கள் ஏறி இறங்கும் முதல் அடுக்கைத் தரவடுக்கு என்போம். இரண்டாவதான ரிட்டர்ன் ஸ்டாக்குக்கு என் முன்மொழிவு ‘கரையடுக்கு’. கடலுக்குப் போன வல்லம் எந்தக் கரைக்குத் திரும்ப வேண்டுமோ, அதுபோல ஒரு சொல் (ஃபோர்த்தில் கட்டளைக்குச் சொல் என்றே பெயர்) ஓடி முடிந்ததும் நிரல் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி இதில்தான் இருக்கிறது. ஏர்வாடி, பாம்பன் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

மண்டபத்திலிருந்து:

அண்ணே, வணக்கம். உவமை பாடத்தில் இருக்கட்டும், கலைச்சொல்லில் வேண்டாம். உள்நாட்டில் படிப்பவருக்குக் கரை என்றால் வேட்டிக்கரையும் குளத்தங்கரையும்தான். ‘மீளடுக்கு’ என வைப்போம். மீள்வது என்ற வினை பெயரிலேயே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பாருங்கள்.

ஃபோர்த்தில் இடைவெளி தவிர எந்த எழுத்தும் பெயரில் வரலாம். ஜிஃபோர்த் என்ற ஃபோர்த் மென்பொருள் யுடிஎஃப்-8 குறியீட்டுத் தமிழை அப்படியே ஏற்கும். முக்காற்புள்ளி புதுச் சொல்லின் வரையறையைத் தொடங்கும், அரைப்புள்ளி முடிக்கும், புள்ளி விடையைக் காட்டும். பாகம் என்ற ஆழ அளவைச் சென்டிமீட்டராக்க:

: பாகம் 183 * ;
12 பாகம் .

விடை 2196 சென்டிமீட்டர்.  

ஆகவே படிப்பவர்கள் மொழியில் ஏற்கெனவே உள்ள மூலச்சொற்களையும் தமிழாக்கத் தொடங்குவார்கள். கீழே வரும் மூலச்சொற்களை உச்சரிப்பில் எழுதுகிறேன். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

: இரட்டு டூப் ;

டூப் (DUP) தரவடுக்கின் மேலெண்ணுக்கு ஒரு படி எடுக்கும். இது ஒழுங்காக ஓடும். அதே கையோடு, மேலெண்ணைத் தரவடுக்கிலிருந்து மீளடுக்குக்கு மாற்றும் டூ-ஆர் (>R) சொல்லுக்கு,

: தள்ளிவை டூ-ஆர் ;

என்று எழுதினால் நிரல் கவிழும். தள்ளிவை அழைக்கப்பட்டதும் அதன் திரும்பு முகவரி மீளடுக்கில் ஏறுகிறது. டூ-ஆர் அதன் தலைமேல் நம் எண்ணை வைக்கிறது. அரைப்புள்ளி வந்ததும் மேலே கிடக்கும் எண்ணையே முகவரி என்று எடுத்துக்கொண்டு நிரல் அங்கே தாவுகிறது. கணினியில் பெரும்பாலும் தவறான நினைவக முகவரி என்ற பிழை வரும்; சிறு சில்லில் எல்லாம் உறைந்துவிடும். வழி, புது வரையறைக்குள் உறையிடாமல், சினானிம் (SYNONYM) சொல்லால் மறுபெயர் இடுவது. ஆர்-ஃப்ரம் (R>) எண்ணை மீளடுக்கிலிருந்து திரும்ப எடுக்கும் சொல்:

சினானிம் தள்ளிவை டூ-ஆர்
சினானிம் மீட்டெடு ஆர்-ஃப்ரம்

தரவடுக்கை டாட்-எஸ் அடித்து எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். டூ-ஆர் வரையறைக்குள் மட்டுமே பொருள் தரும் சொல். நேராக அடித்துப் பழக முடியாது. கண்ணுக்குத் தெரியாத இந்த அடுக்குக்குப் பெயர்தான் முதல் எச்சரிக்கை.

நீளத்தையும் கவனிக்க வேண்டும். பெயரின் நீளத்துக்கு ஃபோர்த் தர வரையறை உறுதி தருவது 31 எழுத்து. பைட்டை எழுத்தாக எண்ணும் சிறு முறைமைகளில், ஒரு குறிக்கு 3 பைட் பிடிக்கும் தமிழில், 10 குறிதான் அடங்கும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். மீளடுக்கு 9 குறி, 27 பைட். ‘திரும்பு முகவரி அடுக்கு’ போன்றவை நடுவே இடைவெளி வருவதாலேயே பெயராக முடியாது.

கீழக்கரையிலிருந்து:

மீளடுக்குக்கு என் வாக்கு. டூ-ஆருக்கு ‘ஒதுக்கு’ வேண்டாம். அது நினைவக ஒதுக்கீட்டுக்குத் தேவைப்படும். தள்ளிவை, மீட்டெடு இணை நன்றாகப் பொருந்துகிறது.

பாடத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். டூ…லூப் (DO…LOOP) சுழலின் எண்ணியைப் பல முறைமைகள் மீளடுக்கில்தான் வைக்கின்றன. சுழலுக்கு முன்னால் தள்ளிவைத்ததை உள்ளே மீட்டெடுக்கப் போனால் சுழலின் கணக்குத்தான் கையில் வரும், சுழல் குலையும். நடுவிலேயே எக்சிட் போட்டுச் சொல்லை விட்டு வெளியேறுவதானால், அதற்கு முன் சுழலின் கணக்கை நீக்கும் அன்லூப் கட்டாயம்.

தம்பி, அண்டர்ஃப்ளோவுக்கு ‘கீழ்வழிவு’ என்று வரைவில் இருக்கிறது. எதுவும் கீழே வழியவில்லையே, காலி அடுக்கில் கையை விட்டு எடுக்கப் பார்க்கிறோம். ‘வெற்றெடுப்பு’ எனலாம். பிழை எண் -4 தரவடுக்கு வெற்றெடுப்பு, -6 மீளடுக்கு வெற்றெடுப்பு. நிறைந்து வழியும் -3, -5 இரண்டுக்கும் ‘வழிவு’ போதும்.

தொண்டியிலிருந்து:

மீளடுக்கு, வெற்றெடுப்பு இரண்டும் ஏற்பு. வல்லம் உவமையைப் பாடத்தின் முதல் பத்தியில் வைக்கிறேன். சினானிம் இல்லாத பழைய முறைமைகளுக்கு போஸ்ட்போன், இமிடியட் என்ற மூலச்சொற்களால் மறுபெயர் இடும் வழியையும் சேர்க்க வேண்டும். அந்த நிரலைத் தம்பி எழுதி அனுப்பவும்.